உழைக்கும் கையின் பிடி

காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை நம் கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறது. வாளியைப் பிடிக்கிறது. துடைப்பத்தைப் பிடிக்கிறது. மாட்டின் கயிற்றைப் பிடிக்கிறது. மண்வெட்டி, அரிவாள், கரண்டி, உளி, சைக்கிள், பஸ்ஸின் கம்பி, குழந்தையின் கை. எத்தனை பிடிகள்!

பிடி நன்றாக இருக்கும் வரை யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. ஒரு நாள் டம்ளர் கை நழுவி விழுகிறது. பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிந்தால் தண்ணீர் முழுவதும் இறங்கவில்லை. அப்போதுதான், "என் கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறோம்.

உடம்பால் உழைக்கும் மனிதருக்குப் பிடிதான் முதல் கருவி. தோளில் எவ்வளவு பலம் இருந்தாலும் பிடி தளர்ந்தால் சுமை கீழே விழும். முதுகில் பலம் இருந்தாலும் மண்வெட்டி சுழன்றுவிடும். தோளின் பலமும் முதுகின் பலமும் கை வழியாகத்தான் வேலைக்குப் போய்ச் சேர்கின்றன.

இரண்டு வகைப் பிடி

கடப்பாரையை எப்படிப் பிடிக்கிறோம்? எல்லா விரல்களும் அதைச் சுற்றிக்கொள்கின்றன. உள்ளங்கை அதன் மேல் அழுந்துகிறது. கட்டைவிரல் மேலே பூட்டுப் போடுகிறது. இது முழுப்பிடி.

ஊசியில் நூல் கோக்கும்போது எப்படிப் பிடிக்கிறோம்? கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மட்டும் சேர்கின்றன. உள்ளங்கைக்கு அங்கே வேலை இல்லை. இது நுனிப்பிடி.

பலமான வேலைக்கு முழுப்பிடி. நுட்பமான வேலைக்கு நுனிப்பிடி. 1956-ல் ஜான் நேப்பியர் என்ற ஆங்கிலேய அறிஞர் மனிதரின் பிடியை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உலகம் முழுவதும் கை வைத்தியர்கள் இன்றும் இந்தப் பிரிவைச் சொல்கிறார்கள்.

பீடி சுற்றும் பெண்ணும், தேயிலை கிள்ளும் பெண்ணும் நாள் முழுவதும் நுனிப்பிடியில் வேலை செய்கிறார்கள். "இது சுலபமான வேலை. உட்கார்ந்து செய்வதுதானே" என்று சிலர் சொல்வார்கள். சொல்பவர் ஒரு மணி நேரம் செய்து பார்க்கட்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டைவிரல் மூட்டு, கல் சுமக்கும் தோளைப் போலவே தேய்கிறது.

விரலை இழுக்கும் கயிறு

விரலை மடக்கும் பலம் எங்கே இருக்கிறது? விரலில் என்றுதான் எல்லாரும் நினைப்போம். விரல் எலும்புகளின் மேல் ஒரு தசை கூடக் கிடையாது. நம்ப முடியவில்லையா? சோதித்துப் பாருங்கள்.

இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொள்ளுங்கள். முன்கை என்றால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ள பகுதி. இப்போது வலது கையை இறுக மூடுங்கள். முன்கையில் சதை புடைக்கிறது அல்லவா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றிலிருந்து கயிறு போன்ற நாண்கள் புறப்படுகின்றன. மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை ஓடுகின்றன. பொம்மலாட்டத்தில் மேலே கயிற்றை இழுத்தால் கீழே பொம்மை கை ஆட்டும். அதுபோல முன்கைத் தசை இழுக்கிறது, விரல் மடங்குகிறது.

உள்ளங்கைக்குள் சிறிய தசைகளும் உண்டு. அவை விரல்களைச் சரியான கோணத்தில் நிறுத்துகின்றன. விரித்துச் சேர்க்கின்றன. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருகின்றன. பெரிய தசை பலம் தருகிறது. சிறிய தசை ஒழுங்கு தருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சோதனை. மணிக்கட்டை உட்பக்கமாக முழுவதும் மடக்குங்கள். அப்படியே வைத்துக்கொண்டு கையை இறுக மூடிப் பாருங்கள். முடியாது. மூடினாலும் பலம் இருக்காது. இப்போது மணிக்கட்டை நேராக்கி, சற்றே மேல்பக்கம் தூக்கிக் கையை மூடுங்கள். எவ்வளவு இறுக்கம்!

காரணம் எளிது. மணிக்கட்டு மடங்கினால் கயிறு தொய்ந்துவிடுகிறது. தொய்ந்த கயிறு எப்படி இழுக்கும்? அதனால் கனமான வேலை எதுவானாலும் மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். பழகிய கொல்லர் சம்மட்டி அடிப்பதைக் கவனியுங்கள். அடி விழும் நேரத்தில் அவர் மணிக்கட்டு மடங்கியிருக்காது. இதை அவருக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கை தானே கற்றுக்கொண்டது.

இறுக்கிப் பிடித்தால் மட்டும் போதுமா?

கொத்து வேலைக்குப் புதிதாக வந்த பையன் கரண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பான். பத்து மணிக்கே கை வலிக்கும். முப்பது வருடம் வேலை செய்த கொத்தனார் அதே கரண்டியை லேசாகப் பிடிப்பார். கலவையை வீசும் நொடியில் மட்டும் பிடி இறுகும். அடுத்த நொடி தளரும்.

இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. தசை இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது. தசை சீக்கிரம் களைத்துப் போகிறது. முழுப் பலத்தோடு எதையாவது இறுக்கிப் பிடித்தால் சில நொடிகளிலேயே பலம் குறையத் தொடங்கும். நடுநடுவே தளர்த்தினால் ரத்தம் மறுபடி ஓடும். தளர்த்துவதும் பிடிப்பின் ஒரு பகுதிதான்.

பால் கறப்பதில் இதை நன்றாகப் பார்க்கலாம். சிலர் கட்டைவிரலை மடக்கி, அதன் மூட்டால் காம்பை அழுத்திக் கறக்கிறார்கள். மாட்டுக்கும் வலி, கறப்பவரின் கட்டைவிரலுக்கும் கேடு. இதனால் காம்பில் காயம் ஏற்படும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழுக் கையால் கறப்பதே நல்லது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கத்தை அடைக்கும். பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என வரிசையாக அழுத்தும். பால் இறங்கும். உடனே பிடி தளரும். எந்த விரலும் தனியாகப் பாரம் சுமப்பதில்லை.

அரிவாளுக்கும் இதே கதைதான். முனை மழுங்கிய அரிவாள் என்றால் ஒவ்வொரு இழுப்பிலும் கூடுதல் பலம் வேண்டும். வலது கை அரிவாளை இறுக்கும். இடது கை நெல் தாளை இறுக்கும். மாலையில் இரண்டு கையும் கனக்கும். ரம்பம் போலப் பல் வைத்த அரிவாள்கள் இப்போது கிடைக்கின்றன. இவற்றை அடிக்கடி தீட்ட வேண்டியதில்லை. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாயப் பெண்களின் கை அளவையும் பலத்தையும் அளந்து கருவிகளை வடிவமைக்கிறது. நல்ல வேலை. அந்தக் கருவிகள் எல்லாக் கிராமக் கடைகளுக்கும் வந்து சேர வேண்டும்.

பிடியின் பருமன்

கருவிகள் பெரும்பாலும் ஆண்களின் கைக்கு ஏற்றபடி செய்யப்படுகின்றன. பெண்ணின் கை சிறியது. சராசரியாகப் பார்த்தால், ஆணின் பிடிப்புப் பலம் 10 பங்கு என்றால் பெண்ணுடையது சுமார் 6 பங்கு. ஆனால் களை எடுப்பவர் யார்? நாற்று நடுபவர் யார்? கல்லும் மண்ணும் சுமப்பவர்களில் பாதிப் பேர் யார்?

மண்வெட்டியின் காம்பு மிகவும் பருமனாக இருந்தால் விரல்கள் சுற்றி வராது. மிகவும் மெல்லியதாக இருந்தால் விரல் நகம் உள்ளங்கையில் குத்தும். காம்பும் கைக்குள் சுழலும். சரியான அளவு எது? காம்பைச் சுற்றிப் பிடியுங்கள். கட்டைவிரலின் நுனி நடுவிரலின் நுனியைத் தொட வேண்டும், அல்லது அதன் மேல் சற்றே ஏற வேண்டும். அதுதான் உங்கள் அளவு. பெரும்பாலான கைகளுக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் விட்டம் பொருந்தும். பெண்களுக்கு 3 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி.

காம்பு மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றிக் கட்டலாம். பருமனாக இருந்தால் தச்சரிடம் கொடுத்து இழைக்கலாம். செலவு அதிகம் ஆகாது.

வாளியின் கம்பிப் பிடியைப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரின் எடை 15 கிலோ. அந்த 15 கிலோவும் ஒரு மெல்லிய கம்பி வழியாக விரல்களின் மேல் இறங்குகிறது. கம்பி பதிந்து கை சிவக்கிறது. கம்பியின் மேல் மூங்கில் துண்டு ஒன்றைச் செருகினால் அதே எடை அகலமான இடத்தில் பரவும். ஒரே வாளியில் 15 லிட்டர் தூக்குவதை விட இரண்டு கையிலும் பாதிப் பாதி தூக்கலாம். உடம்பும் ஒரு பக்கம் சாயாது.

கிணற்றுக் கயிற்றிலும் கவனம் வேண்டும். மெல்லிய நைலான் கயிறு மலிவுதான். ஈரம் பட்டால் வழுக்கும், இழுத்தால் கையை அறுக்கும். பருமனான தேங்காய் நார்க் கயிறு சொரசொரப்பாக இருக்கும். லேசாகப் பிடித்தாலே நிற்கும்.

"கையில் வெண்ணெய் தடவியிருக்கிறாயா?"

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பெங்களூரில் ஒரு கட்டட வேலை நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் பல அங்கே வேலை செய்கின்றன. ஒரு சித்தாள் பெண் செங்கல் எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு கல் விழுகிறது. சிறிது நேரத்தில் இன்னொன்று.

"ஏம்மா, கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியா? இன்னைக்கு உடைஞ்ச கல்லு எத்தனை தெரியுமா? அரை நாள் கூலிதான் உனக்கு" என்று மேஸ்திரி சத்தம் போடுகிறார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வயதான சித்தாள் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, ராத்திரி தூங்கலையா?"

"தூங்குறேன்க்கா. நடுராத்திரில கை மரத்துப் போயி எழுப்பிடுது. ஊசி குத்துற மாதிரி இருக்கு. எழுந்து உக்காந்து உதறினா கொஞ்ச நேரத்துல சரியாகுது."

"எந்த விரல்?"

"கட்டைவிரலு, ஆள்காட்டி விரலு, நடுவிரலு. சுண்டு விரல் நல்லாத்தான் இருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும். சொன்னா வேலைக்கு வேணாம்னுடுவாங்கன்னு சொல்லலை."

"சொல்லாம இருந்தா மட்டும் விட்டாங்களா? நாளைக்கு என்கூட கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வா."

அந்தப் பெண் கவனம் இல்லாமல் கல்லைப் போடவில்லை. அவள் கையில் ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரலை இழுக்கும் நாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மணிக்கட்டை வளைத்து, பலமாகப் பிடித்து, ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தால் அங்கே வீக்கம் வரலாம். வழி நெருக்கமாகும். நரம்பு நசுங்கும். அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது. அதனால்தான் சுண்டு விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்களை விடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. கர்ப்ப காலத்திலும், சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரும்.

ஆரம்பத்திலேயே போனால் வைத்தியம் எளிது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டை கட்டுவார்கள். வேலையைச் சில வாரம் மாற்றிச் செய்யச் சொல்வார்கள். தேவைப்பட்டால் ஊசி போடுவார்கள். சிலருக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை. பல மாதம், பல வருடம் விட்டுவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை கரைந்துவிடும். போன சதை திரும்புவது கடினம்.

கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996-ம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட நல வாரியங்கள் மாநிலங்களில் இருக்கின்றன. 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர், முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவர்களுக்கு மருத்துவ உதவி போன்ற பலன்கள் உண்டு. வெளி மாநிலத்தில் வேலை செய்பவர்கள் பலர் இதைத் தெரிந்துகொள்வதே இல்லை.

ஒரு கைகுலுக்கல்

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் அது வேறு நரம்பு. முழங்கையின் பின்பக்கம் இடித்துக்கொண்டால் ‘சுர்’ என்று மின்சாரம் அடித்தாற்போல் இருக்குமே, அந்த நரம்பு. இது பல காரணங்களால் கெடும். நம் நாட்டில் மறக்கக் கூடாத காரணம் ஒன்று தொழுநோய்.

2005-ம் ஆண்டின் முடிவில் தொழுநோய் நாட்டளவில் மிகவும் குறைந்துவிட்டதாக அரசு அறிவித்தது. குறைந்தது உண்மை. ஆனால் மறையவில்லை. 2022-23-ல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாக இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த நோய்க்கும் பிடிக்கும் என்ன தொடர்பு? அதற்கு ஒரு டாக்டரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே பலருக்கு விரல்கள் பறவையின் நகம் போல வளைந்து போயிருந்தன. இந்தக் கைகள் செத்துப்போன கைகள் என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள்.

டாக்டர் ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் தன் கையைக் கொடுத்தார். "முடிந்த வரை அழுத்துங்கள்" என்றார். மெல்லிய அழுத்தம்தான் வரும் என்று எதிர்பார்த்தார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கே வலி தாங்கவில்லை!

செத்த கையில் இவ்வளவு பலம் எப்படி வந்தது? முன்னால் படித்தது நினைவிருக்கிறதா? பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை கெடவில்லை. உள்ளங்கையின் சிறிய தசைகள்தான் செயல் இழந்திருந்தன. பலம் இருந்தது, ஒழுங்கு போயிருந்தது.

அப்படியானால், நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, கெட்ட தசையின் வேலையைச் செய்யும்படி இடம் மாற்றிக் கட்டினால் என்ன? வேலூரில் அவரும் உடன் இருந்தவர்களும் இதைச் செய்து காட்டினார்கள். வளைந்த விரல்கள் நிமிர்ந்தன. மறுபடி சோற்றைப் பிசைந்தன. கருவியைப் பிடித்தன.

இன்னொரு நிகழ்ச்சியையும் பிராண்ட் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். டாக்டருக்கு ஆச்சரியம். இவ்வளவு சின்னப் பையனுக்கு என்னை விடப் பலமா? கீழே பார்த்தார், ரத்தச் சொட்டு. பையனின் விரலைப் பிரித்துப் பார்த்தார். சாவி எலும்பு தெரியும் வரை வெட்டியிருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை.

நமக்கும் அந்தப் பூட்டைத் திறக்கும் பலம் இருக்கலாம். ஆனால் வலி நம்மை நிறுத்திவிடும். ‘இதற்கு மேல் அழுத்தாதே’ என்று சொல்லும். பையனிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுகின்றன என்று மக்கள் நம்பினார்கள். பிராண்ட் வேறு விதமாகக் காட்டினார். உணர்ச்சி இல்லாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. ஆணியை அழுத்துகிறது. காயம் தெரிவதில்லை. புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி காயம். இப்படித்தான் விரல்கள் போயின.

உணர்ச்சி குறைந்த கை உள்ளவர்கள் தினமும் கண்ணால் கையைப் பார்க்க வேண்டும். சூடான பாத்திரத்துக்குத் தடிமனான பிடிதுணி வேண்டும். கருவிக் காம்பைத் துணி சுற்றி மெத்தையாக்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா? அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லையா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரை இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். முழுவதும் குணமாகும். நரம்பு கெடுவதற்கு முன்னால் போனால் கை அப்படியே பிழைக்கும்.

வேறு சில அறிகுறிகள்

ஒரு கையில் திடீரென்று பிடி விழுந்துவிட்டதா? கூடவே வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? பேச்சு குளறுகிறதா? அது பக்கவாதமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

கல் உடைக்கும் இயந்திரம் போன்ற அதிரும் கருவிகளைப் பல வருடம் பிடிப்பவர்களுக்கு விரல்கள் மரத்து வெளுக்கும். அவர்கள் நடுநடுவே ஓய்வு எடுக்க வேண்டும். மாறி மாறி ஆள் பிடிக்க வேண்டும்.

இரண்டு கையும் சேர்ந்து எப்போதும் சோர்வாக இருந்தால் ரத்தத்தைச் சோதியுங்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் தசை களைக்கும். கீரை, பயறு, வேர்க்கடலை, முட்டை, மீன் வேண்டும். ஆண்கள் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் உள்ள வீட்டில், பெண்ணின் பிடி தளர்வதில் என்ன அதிசயம்?

வயதும் பயிற்சியும்

பிடிப்புப் பலத்தை அளக்க ஒரு கருவி உண்டு. கையால் அழுத்தினால் எத்தனை கிலோ என்று காட்டும். 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரை இப்படி அளந்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. பிறகு சில வருடம் அவர்களைக் கவனித்து வந்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. பிடி 5 கிலோ குறைவாக இருந்தால், இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது.

பந்தை அழுத்தினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பு முழுவதும் தசை எப்படி இருக்கிறது என்பதைப் பிடி காட்டிக்கொடுக்கிறது. ஒரு சோறு பதம் என்பார்களே, அதுபோல. ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு ஒன்று 2019-ல் ஓர் அளவு சொன்னது. ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பிடி பலவீனம் என்று கொள்ளலாம்.

முப்பது வயதை ஒட்டிப் பிடி உச்சத்தில் இருக்கும். ஐம்பதைத் தாண்டினால் குறைவது தெரியும். குறைவதை மெதுவாக்க முடியும். கோலாப்பூர் மல்யுத்த வீரர்கள் தினமும் கனமான மண்வெட்டியால் கோதா மண்ணைக் கொத்துகிறார்கள். அது அவர்களுக்குப் பயிற்சி. மகாராஷ்டிரத்துப் பெண் பிள்ளைகள் தொங்கும் கயிற்றில் மல்லர்கம்ப வித்தை செய்கிறார்கள். நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களில் கர்லாக்கட்டை சுற்றுகிறார்கள். எல்லாம் பிடியை வளர்ப்பவை.

விவசாயக் கூலியும் அதே மண்ணைத்தான் கொத்துகிறார். ஆனால் மல்யுத்த வீரர் கொத்திவிட்டுப் பாலும் பாதாமும் சாப்பிட்டு ஓய்வு எடுக்கிறார். ஓய்வு நேரத்தில்தான் தசை வளர்கிறது. அதனால் நாள் முழுவதும் மண்வெட்டி பிடிப்பவருக்கு மாலையில் தனிப் பயிற்சி வேண்டாம். விரல்களை நன்றாக விரித்து, மணிக்கட்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, வெந்நீரில் சிறிது நேரம் கையை வைத்தால் போதும்.

வயதானவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள், உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் பயிற்சி செய்யலாம். ஒரு துண்டை நனைத்து மெதுவாகப் பிழியுங்கள். ஒரு பக்கம் 10 முறை, மறுபக்கம் 10 முறை. ஒரு வாளியில் மணலோ அரிசியோ போட்டு, விரல்களை உள்ளே விட்டு மூடித் திறவுங்கள். விரல்களின் மேல் ரப்பர் வளையம் மாட்டி விரியுங்கள். மூடும் தசைக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது, விரிக்கும் தசைக்கும் கொடுக்க வேண்டும். வலி வந்தால் நிறுத்துங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்குங்கள்.

குழுவாகப் பேசுங்கள்

உங்கள் ஊரில் முழுப்பிடி வேலைகள் எவை? நுனிப்பிடி வேலைகள் எவை? எதற்குக் கூலி அதிகம்? ஏன்?

செங்கல் விழுந்தபோது மேஸ்திரி என்ன கேட்டிருக்கலாம்?

இரவில் கை மரத்து எழும் பெண்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்களா? எந்த விரல் மரக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் தினமும் பிடிக்கும் ஒரு கருவியைக் கொண்டு வாருங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு நூலைக் காம்பைச் சுற்றி வைத்து நீளத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் இருந்தால் சரியான அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கருவியை வாங்கி நீங்கள் பிடித்துப் பாருங்கள். அவர் உங்களுடையதைப் பிடிக்கட்டும்.